பெயரைச் சொன்னவள்

என் வாயில் இன்றுவரை என் வீட்டுக்காரர் பெயர் வந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் நான் பெயரைச் சொல்லித்தான் அவர் ஆயுசு குறையப்போகிறதா? இருந்தாலும் வராது. பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமையாசிரியை, "புருஷர் பேர் என்ன?" என்று கேட்டார். முப்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்க வந்த நான் ஊமையாகி, ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வாயிலும் அவர் புருஷர் பெயர் வராது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவளுக்கு அதுதான் அடையாளம். அந்த அடையாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த அநியாயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோடை விடுமுறை. பர்மாவில் சுதந்திரம் வந்த சூட்டோடு உள்நாட்டுச் சண்டையும் மூண்டுவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து போய் அங்கே வயலிலும் அரிசி மில்லிலும் கடைகளிலும் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கப்பலேறி ஓடிவந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒரு சீட்டுக் கொடுத்து ரயிலேற்றிவிடுவார்கள். திருமயம் ஸ்டேஷனில் இறங்கியதும், எங்கே போவது என்று தெரியாமல் வேலியோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். சொந்த வீடு எரிவதை நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பேசக்கூட மாட்டார்கள்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு நிவாரணக் கமிட்டி வைத்தார்கள். கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் பாழாய்க் கிடந்த சத்திரத்தைக் கூட்டிப் பெருக்கிக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கமிட்டிக்குக் காரியதரிசி ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் காகிதம் வேண்டும் அவருக்கு. "பொம்பளைங்க எங்ககிட்ட வெவரம் சொல்ல மாட்டேங்குறாங்க டீச்சர். லீவுதானே, நீங்க வந்து ஒக்காந்து எழுதிக்குடுங்க" என்று வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கூப்பிட்டதே பெருமையாக இருந்தது. மறுநாளே பேனாவும் அடிக்கோலுமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். பெண்ணின் பெயர், புருஷன் பெயர், சொந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று நோட்டில் எழுதி, ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் சத்திரத்தில் படுக்க இடம், இரண்டு வேளைக் கஞ்சி, கட்டிக்கொள்ள ஒரு புடவை. கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர். பவுடர் டப்பாக்கள் என் மேசைக்கடியிலேயே அடுக்கியிருந்தன. சீட்டு இல்லாதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அரிசி ரேஷனில் இருந்த காலம். காசு இருந்தவர்களுக்கே சோறு சுலபமாகக் கிடைக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். "புருஷன் பேரு?" என்றதும் வாயை மூடிக்கொள்வார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், இந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் தரையைக் கீறுவாள். "பழனி மலைமேல நிக்கிறாருல்ல, அவரு பேருதாங்க" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி இடுப்பிலிருக்கும் பிள்ளையை, "ஏலே, அப்பா பேரச் சொல்லு" என்று கிள்ளுவாள். பிள்ளை சொன்னால் தோஷமில்லை. வரிசையில் பின்னால் நிற்பவள் சொன்னாலும் தோஷமில்லை. நானும் அதே ஜாதகம் என்பதால் பொறுமையாகக் காத்திருந்து எழுதிக்கொள்வேன்.

இரண்டாம் வாரத்தில் உள்ளூர்க்காரர்களும் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் மழை இல்லை, கண்மாய்கள் வறண்டு கிடந்தன, அவர்களுக்கும் பசிதான். ஆனால் காரியதரிசி என் மேல் பாய்ந்தார். "பர்மாவுக்குப் போற வழிகூடத் தெரியாதவளுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்திருக்கீங்க டீச்சர். வந்தவங்களுக்குப் பத்தாமப் போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?" எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு மூக்கு உடைந்துபோயிற்று. எனக்கோ வாய் நீளம், ரோஷம் அதைவிட நீளம். இனி ஒருத்தி என்னை ஏமாற்றட்டும் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டேன்.

மறுநாளே ஒருத்தி மாட்டினாள். ரங்கூன் என்றாள், கப்பல் என்றாள், எல்லாம் சரியாகச் சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டதும் பளிச்சென்று சொன்னாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவள் தன் புருஷன் பெயரைச் சொல்லவில்லை; வேறு எவளுடைய புருஷன் பெயரையோ சொல்கிறாள். அதனால்தான் கூசாமல் வருகிறது. நாலு கேள்வி மடக்கிக் கேட்டதில் அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் பர்மாவில் இருக்கிறானாம், அவன் பெயரைச் சொன்னாளாம். நான் காரியதரிசியிடம் போய், "தவளை தன் வாயாலேயே கெட்டுச்சு சார்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர்னா டீச்சர்தான். இனிமே இதையே பிடிச்சுக்குங்க" என்றார். அன்றிலிருந்து அது கமிட்டியின் விதிமுறையானது. திணறுகிறவளுக்குச் சீட்டு, டக்கென்று சொல்கிறவளுக்கு விசாரணை. அந்த விதிமுறையைக் கண்டுபிடித்தவள் நான். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து அவள் வந்தாள்.

என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, ஆண் பிள்ளை. பிறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். விரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் பிள்ளை. தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, அதன் கீழே லுங்கி மாதிரி சுற்றிய துணி, மேலே துண்டு ஒன்றைத் தாவணியாகப் போட்டிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "வழியில அறுத்துக்கிட்டாங்க" என்றாள். அது புதிதில்லை. பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்த இடத்தில் ஒரு மஞ்சள் கயிறாவது கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொந்த ஊரு?"

"அவருக்குக் குடுமியான்மலைப் பக்கம். அங்க போனேன். அந்த வீட்டுல வேற ஆளுங்க இருக்காங்க. கமிட்டிக்குப் போன்னு சொன்னாங்க."

பேச்சு தமிழ்தான், ஆனால் இழுப்பு வேறு மாதிரி இருந்தது.

"துறைமுகச் சீட்டு எங்க?"

"எல்லாக் காகிதமும் அவர்கிட்ட. கப்பல்ல பொம்பளை, பிள்ளைக்கு மட்டும்தான் எடம்னு எங்கள ஏத்திவிட்டாரு. அடுத்த கப்பல்ல வருவாரு."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. புருஷன் பேரு?"

அவள் நிமிர்ந்து நின்றாள். குழந்தையை ஒரு பக்கம் நகர்த்திக்கொண்டு, புருஷன் பெயரை முதலெழுத்தோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. நான் எழுதியதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. முன்னைவிடச் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பின்னால் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அவரு ஒன்னக் கட்டுனவருதானா?"

"ஆமாங்க."

"இப்படிச் சொல்லுன்னு ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"அவருதாங்க" என்றாள்.

போதாதா எனக்கு? சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளே ஒப்புக்கொண்டாளே. அவள் பெயருக்கு நேராகப் பிள்ளைகள் இரண்டு என்றுவரை எழுதியிருந்தேன். அடிக்கோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். கணக்கு நோட்டில் தப்பான விடைக்குப் போடுவேனே, அதே கோடு. காரியதரிசியைத் திரும்பிப் பார்த்தேன். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையசைத்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டில் விழுந்த கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேரத் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள்.

"தப்பாச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். சரியாச் சொன்னியே, அதான்" என்றேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் வாயை என்னவென்று சொல்ல? அதிலும் எனக்குத் தர்மம் பொங்கிற்று பாருங்கள், "பிள்ளைங்களுக்கு மட்டும் ஒரு வாய் கஞ்சி ஊத்தி அனுப்புங்க" என்று கஞ்சித் தொட்டிப் பக்கம் சத்தம் கொடுத்தேன். கஞ்சி வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, தான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை விரித்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள். நான் அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்றுதான் சொன்னேன். அங்கே ராவுத்தர் வீட்டம்மா ஒருவர் இருந்தார். ரங்கூனில் பத்து வருஷம் கடை வைத்திருந்த குடும்பம். முதல் கப்பலில் வந்து, சத்திரத்தில் தங்கிக்கொண்டே சமையலுக்கும் உதவியவர். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு அங்கயே பொறந்ததா?"

"தெரியல. பேச்சு ஒரு மாதிரி இழுவையா இருந்துச்சு."

"அங்கயே பொறந்து வளந்த பொண்ணுங்க அப்படித்தாம்மா. பர்மாக்காரிங்க புருஷன் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அதப் பாத்து வளந்ததுங்க. எங்க எதுத்த வீட்டுப் பொண்ணு, தமிழ்ப் பொண்ணுதான், கட்டுனவர மாடியில இருந்தே பேரச் சொல்லிக் கூப்புடும். அதுல ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாங்க அங்கிட்டு. அந்தப் பொண்ணு எங்கம்மா இப்ப?"

இப்படியும் ஒரு ஊர் உண்டா? புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவனுக்கே சோறு போட்டு, பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள் உண்டா? எனக்குத் தெரியாதது உலகத்திலேயே கிடையாது என்று அல்லவா நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு மேல் எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. காரியதரிசியிடம் சொல்லி நாலு ஆளை நாலு பக்கம் அனுப்பியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "டீச்சர்னா டீச்சர்தான்" என்ற வாயால் அவர் என்ன சொல்லுவாரோ என்று பயம். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வெற்றிலைக் கடைக்காரரிடம், குடையோடு ஒரு பொண்ணு போச்சா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். விட்டுவிட்டேன். கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காகக் கேட்டது அது. அப்புறம் ஒவ்வொரு நாளும் அவளே திரும்பி வருவாள், வந்தால் உடனே சீட்டுக் கொடுத்துவிடலாம் என்று வரிசையை எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் வரவில்லை.

மூன்று வாரம் இருக்கும். ரயிலில் வந்து இறங்கியவர்களோடு ஒரு ஆள் வந்தார். ஒரு கை கட்டுப் போட்டு, கழுத்தில் முடிந்த துணியில் தொங்கிற்று. வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்தார். "இங்கதான் பொம்பளைங்க பேரெல்லாம் எழுதுறீங்கன்னு காரியதரிசி அய்யா சொன்னாரு. என் சம்சாரமும் ரெண்டு பிள்ளைங்களும் இங்க இருக்காங்களாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் பெயரைச் சொன்னார்.

முதலெழுத்தோடு சொன்னார். அவள் சொன்ன அதே பெயர்.

நோட்டு என் கைக்குக் கீழேயே இருந்தது. அப்படி யாரும் வரவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் நோட்டைத் திறக்காததைப் பார்த்து அவரே பேசினார்.

"அவ அங்கயே பொறந்தவங்க. இங்க ஒருத்தரையும் தெரியாது. பயந்துக்கிட்டே இருந்தா. கப்பல் ஏத்துறப்ப சொல்லித்தாங்க அனுப்புனேன். அது என் ஊரு, என் மண்ணு. யாரு கேட்டாலும் கூச்சப்படாம என் பேரச் சத்தமாச் சொல்லு, இனிஷியலோட சொல்லு, என் பேரச் சொன்னா ஒனக்குச் சோறு போடுவாங்கன்னு. நாலஞ்சு தடவ சொல்லச் சொல்லி வேற கேட்டுக்கிட்டேன். சொன்னா இல்லீங்களா?"

பத்து வயதில் பர்மாவுக்குப் போனவராம் அவர். ஆம்பிளைகள் மட்டும் தங்கியிருந்த கடையில் வளர்ந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.

நான் பக்கத்தைப் புரட்டி அந்த வரியைக் காட்டினேன். குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது என்னங்க கோடு?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முடித்ததும், "அப்ப என் பேரச் சொன்னா" என்றார்.

"சொன்னா."

"சத்தமா?"

"ரெண்டு வாட்டி" என்றேன்.

அதற்குமேல் நிற்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு ரோட்டுக்கு ஓடினார். காரியதரிசி என் பக்கத்தில் வந்து, "நாம விதிமுறைப்படிதான் செஞ்சோம் டீச்சர். மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். "அது நான் போட்ட விதிமுறை சார்" என்றேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

ஆறாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். முன்னால் அவர். பின்னால் அவள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு பெண் பிள்ளை. இடுப்பில் குழந்தை இல்லை. யாரிடமாவது கொடுத்திருப்பாள் என்று நினைத்து நான் அவர்களுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

அவர்தான் சொன்னார். அவள் கப்பல் வருகிற இடத்துக்கே போய் நிற்கலாம் என்று திருச்சி ரோட்டைப் பிடித்து நடந்திருக்கிறாள். கீரனூரைத் தாண்டி ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற கூட்டத்தில், சோற்றுக்காகச் சேர்ந்திருக்கிறாள். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லாத கை. குடித்த தண்ணீரோ, வெயிலோ, பால் வற்றிப்போனதோ, குழந்தைக்கு வயிற்றாலே போக ஆரம்பித்து, இரண்டே நாள். கூட வேலை செய்தவர்கள் கண்மாய்க் கரையில் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "மூணு வாரம் முந்தி வந்திருந்தா பாத்திருப்பேன்" என்றார் அவர், தன்னைத்தானே குற்றம் சொல்வதைப் போல. மேசைக்கடியில் பால் பவுடர் டப்பாக்கள் என் கணுக்காலில் இடித்துக்கொண்டிருந்தன. கடவுளே, எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டல்லவா கோடு போட்டேன்.

புதுப் பக்கம் ஒன்றை எடுத்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் இப்போது எங்கள் பெண்களைப் போலப் புடவை கட்டியிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. சல்லி உடைத்த பெண்கள் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். புருஷன் பக்கத்திலேயே நிற்கிறார், அவர் பெயர் எனக்கு மனப்பாடம், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டேன். அவள் வாயால் சொல்லி, நான் என் கையால் எழுத வேண்டும் என்று ஒரு ஆற்றாமை.

"புருஷர் பேரச் சொல்லும்மா" என்றேன்.

அவள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலையைக் குனிந்தாள். பெண் பிள்ளையை முதுகில் கை வைத்து மெல்ல முன்னால் தள்ளினாள். பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே அப்பா பெயரைச் சொன்னது. வரிசையில் நின்ற ஒருத்தி, "பதவிசான பொண்ணு" என்றாள்.

எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில், கேட்காமலே, ஒன்று என்று எழுதினேன். சீட்டைக் கிழித்து நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அன்று கேட்ட அதே குரலில் என்னைக் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இப்பச் சரியாங்க, டீச்சர்?"